ஜான்ஸ் ஹாப்கின்ஸ் (1795–1873): சாராயம், ரயில் பங்கு, உயில். விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள்

#1 ஆடுதுறையான்
கொரோனா சமயத்தில் தமிழ்ப் பத்திரிகைகளில் தினமும் அடிபட்ட பெயர் 'ஜான் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம்'. ஆனால் அந்த ஆளைப் பற்றித் தமிழில் தேடினால் திரும்பத் திரும்ப மூன்று வரிதான் கிடைக்கிறது: பால்டிமோர் வியாபாரி, கல்யாணம் ஆகாதவர், 70 லட்சம் டாலர் எழுதி வைத்தார். எனக்கு வேண்டியது மூன்று விஷயம். ஒன்று, குடும்பம். இரண்டு, மளிகை விற்றவருக்கு இவ்வளவு பணம் எப்படிச் சேர்ந்தது? மூன்று, அந்த 70 லட்சம் ரொக்கமா, சொத்தா, எப்படிப் பிரிந்தது? பொத்தாம்பொதுவாக வேண்டாம், கணக்கோடு சொல்லுங்கள்.

#2 வேர்தேடி
முதலில் பெயரைச் சரிசெய்துவிடுவோம். அவர் 'ஜான்' இல்லை, 'ஜான்ஸ்'. கடைசியில் வரும் 'ஸ்' அச்சுப்பிழை என்று நினைத்து நம் பத்திரிகைகள் வெட்டிவிடுகின்றன. அது அவருடைய கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர். மார்கரெட் ஜான்ஸ் என்ற பெண் ஹாப்கின்ஸ் வீட்டுக்கு மருமகளாக வந்தார். பிறந்த பிள்ளைக்குத் தாய் வீட்டுப் பெயரையே முதற்பெயராக வைத்தார்கள். அந்தப் பிள்ளைதான் நம்மவரின் தாத்தா ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அப்புறம் தாத்தா பெயர் பேரனுக்கு. இது நமக்குப் புதிதில்லை.

பிறந்தது 1795 மே 19, மேரிலாந்து மாநிலம் ஆன் அருண்டெல் கவுண்டியில், 'வைட்ஸ் ஹால்' என்ற புகையிலைத் தோட்டத்தில். சுமார் 500 ஏக்கர். அப்பா சாமுவேல் ஹாப்கின்ஸ், அம்மா ஹன்னா ஜேனி. வர்ஜீனியாப் பக்கம் ஜேனி குடும்பம் பெரிய குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பம். பதினொரு பிள்ளைகளில் இவர் இரண்டாவது. படிப்பு பாதியில் நின்றது. 1812ல், 17 வயதில், பால்டிமோரில் மொத்த மளிகை மண்டி வைத்திருந்த சித்தப்பா ஜெரார்ட் ஹாப்கின்ஸிடம் வேலைக்குப் போனார். 1814ல் அப்பா காலமானார். பிறகு தம்பிகளைப் பட்டணத்துக்கு இழுத்துக்கொண்டது இவர்தான்.

கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அந்தச் சித்தப்பா வீட்டிலேயே இருந்தது. சித்தப்பா மகள் எலிசபெத்தைக் கட்டிக்கொள்ள நினைத்தார். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளுக்குள் திருமணம் குவேக்கர் சபையில் தடை. சித்தப்பா மறுத்துவிட்டார். இருவரும் கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. எலிசபெத்துக்கு இவர் ஒரு வீட்டை விட்டுச்சென்றார்.

#3 மேலமாசி
சித்தப்பா மகள் என்றால் நம் கணக்கில் பங்காளி வீட்டுப் பெண், தங்கை முறை. குவேக்கர் தடை மாமன் மகள், அத்தை மகளுக்கும் சேர்த்துத்தானே?

#4 வேர்தேடி
ஆமாம். அவர்கள் முறை பார்ப்பதில்லை, நெருக்கம் மட்டும்தான் பார்ப்பார்கள். நாலு பக்கமும் தடை. 'காதல் தோல்வியால் வள்ளல் ஆனார்' என்று எழுதுகிறார்களே, அதை நம்பாதீர்கள். உயில் எழுதும்போது அவருக்கு 75 வயது.

#5 மண்டிக்கணக்கு
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் 'மளிகைக்கடைக்காரர்' இல்லை. மொத்த மண்டி, கமிஷன், கடன் மூன்றும் சேர்ந்தது அந்தத் தொழில்.

1819ல் அமெரிக்காவில் பெரிய பணமுடை. வங்கிகள் கையைக் கட்டிக்கொண்டன. கிராமத்து விவசாயி கையில் நாணயம் இல்லை, சோளம் மட்டும் இருந்தது. சோளத்தை மலை தாண்டிப் பட்டணத்துக்குக் கொண்டுவந்தால் வண்டிக்கூலியிலேயே விலை போய்விடும். அதனால் அதை வடித்துச் சாராயமாக்கினார்கள். அந்தக் காலத்தில் சொல்லும் கணக்கு இது: ஒரு பொதிக்குதிரை தானியமாகச் சுமந்தால் 4 புஷல் (தானிய முகத்தலளவை), அதையே சாராயமாகச் சுமந்தால் 24 புஷல் தானியத்தின் மதிப்பு. எடை குறைவு, கெட்டுப்போகாது, பட்டணத்தில் உடனே காசு.

சரக்குக்கு விலையாகச் சாராயம் வாங்கலாம் என்றார் இளைஞர். கூடாது என்றார் சித்தப்பா. அங்கேதான் பிரிவு. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. சித்தப்பாவே 10,000 டாலர் வரை பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டார் என்பது குடும்பத்தில் சொல்லப்படுவது. முதலில் பெஞ்சமின் மூர் என்ற இன்னொரு குவேக்கரோடு கூட்டு. அது நீடிக்கவில்லை. பிறகு மூன்று தம்பிகளோடு 'ஹாப்கின்ஸ் அண்ட் பிரதர்ஸ்'.

வியாபாரம் நடந்த விதம்: பால்டிமோரிலிருந்து கோனஸ்டோகா என்ற பாரவண்டிகள் ஷெனண்டோவா பள்ளத்தாக்குக்குப் போகும். படகு மாதிரி நடுவில் தாழ்ந்து இரு முனையும் தூக்கிய அடித்தட்டு, மேலே வெள்ளைக் கித்தான், இழுக்க நாலு முதல் ஆறு குதிரை. மலை ஏற்றத்தில் சரக்கு பின்னால் சரியாமல் இருக்கத்தான் அந்த வளைவு. போகும்போது பலசரக்கு, திரும்பும்போது பீப்பாய். வண்டி இரண்டு பக்கமும் காலியாக ஓடாது, லாபத்தின் சூட்சுமம் அது. வந்த சாராயம் 'ஹாப்கின்ஸ் பெஸ்ட்' என்ற முத்திரையோடு பட்டணத்தில் விற்கும்.

#6 ஆடுதுறையான்
குவேக்கர் சாராயம் விற்கலாமா?

#7 வேர்தேடி
கூடாது. சபை அவரை நீக்கியது. பிறகு சேர்த்துக்கொண்டது. நீக்கிய காலத்திலும் அவர் கூட்டத்துக்குப் போவதை விடவில்லை.

#8 மண்டிக்கணக்கு
இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாராயம் முதல் படிதான். பெரிய பணம் காகிதத்தில் வந்தது. 1847ல், 52 வயதில், மளிகையை விட்டு ஒதுங்கிவிட்டார். அதற்குப் பிறகு செய்தது மூன்று: வியாபாரிகளின் நோட்டை (கடன் உறுதிச்சீட்டை) வட்டம் கழித்து வாங்குவது, பால்டிமோரில் கிடங்குகள் கட்டி வாடகைக்கு விடுவது, ரயில்வே பங்கு.

நோட்டு வாங்குவது நம் உண்டியல் வியாபாரம் மாதிரியேதான். கணக்குப் புரிய ஒரு மாதிரி: ஒரு வியாபாரியிடம் 90 நாளில் 1,000 டாலர் வரவேண்டிய நோட்டு இருக்கிறது. அவருக்கு இன்றைக்கே பணம் வேண்டும். ஆண்டுக்கு 8 சதவீதம் என்றால் வட்டம் 20 டாலர் போக 980 கொடுத்து நோட்டை வாங்கிக்கொள்வார்கள். 90ஆம் நாள் முழு 1,000 வந்துவிடும். எங்கே தவறும்? நோட்டு எழுதியவன் திவாலானால். அதனால் யார் கடையில் சரக்கு நகர்கிறது, யார் கடன்மேல் கடன் வாங்குகிறான் என்று ஊர் நிலவரம் விரல்நுனியில் இருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மண்டியில் உட்கார்ந்தவருக்கு அது தெரியும். மெர்ச்சண்ட்ஸ் வங்கியின் தலைவராகவும் இருந்தார். அதனால் தகவல் இரண்டு வழியிலும் வந்தது.

பால்டிமோர்–ஒஹையோ ரயில்வேயில் 1847ல் இயக்குநர், 1855ல் நிதிக்குழுத் தலைவர். அரசும் நகராட்சியும் வைத்திருந்ததை ஒதுக்கிவிட்டால் தனிமனிதர்களில் பெரிய பங்குதாரர் இவர்தான். 1857 நெருக்கடியிலும் 1873 நெருக்கடியிலும் தன் கைப்பணத்தைப் போட்டு ரயில்வேயைத் தூக்கி நிறுத்தினார். இதைத் தர்மக்கணக்கில் எழுதக்கூடாது. ரயில்வே விழுந்தால் முதலில் விழுவது அவருடைய சொத்து.

உள்நாட்டுப் போரில் லிங்கன் பக்கம். பால்டிமோர் பெருவணிகர்கள் பலர் தெற்குக்குச் சாய்ந்திருந்தார்கள். ரயில்வே தலைவர் ஜான் கேரட்டும் இவரும் வடக்குப் படைக்கு வண்டி ஓட்டினார்கள்.

#9 சாசனம்_வாசி
மூன்றாவது கேள்வி என் பக்கம். 70 லட்சம் என்பது ரொக்கம் இல்லை. பங்குகள், கட்டடங்கள், நிலம் எல்லாம் சேர்த்த மதிப்பு. வரிசையாகச் சொல்கிறேன்.

1867ல், உயில் எழுதுவதற்கு மூன்று வருஷம் முன்பே, இரண்டு தனித்தனி அமைப்புகளைச் சட்டப்படி பதிவு செய்தார்: ஒன்று பல்கலைக்கழகம், மற்றது மருத்துவமனை. ஒவ்வொன்றுக்கும் 12 அறங்காவலர்கள். பெரும்பாலோர் இரண்டிலும் இருந்தார்கள். இது நல்ல யோசனை. இறந்த பிறகு அறக்கட்டளை தொடங்கச் சொல்லி எழுதினால் வாரிசுகள் வழக்குப் போட ஏகப்பட்ட இடம் கிடைக்கும். பெற்றுக்கொள்ள வேண்டிய அமைப்பு ஏற்கெனவே பிறந்து பதிவாகி நிற்கிறது என்றால் அந்த ஓட்டை பாதி அடைபடும். கேரட் வீட்டில் ஜார்ஜ் பீபாடியைச் சந்தித்துப் பேசியதும் இந்த முடிவுக்கு ஒரு தூண்டுதல் என்பார்கள். பீபாடி உயிரோடு இருக்கும்போதே கொடுத்த ஆள், 1857ல் பால்டிமோரில் தன் பெயரில் கலைக்கழகத்துக்கு ஏற்பாடு செய்தவர்.

உயில் 1870ல். 1873 டிசம்பர் 24 அன்று இறந்தார். உறவினர்களுக்கும் வேலைக்காரர்களுக்கும் தனித்தனியாக எழுதியது போக, மீதியில் இரண்டு அமைப்புக்கும் ஆளுக்குச் சுமார் 35 லட்சம். வேலைக்காரர்களில் ஜேம்ஸ் ஜோன்ஸ் என்ற கறுப்பினத்தவருக்கு 5,000 டாலரும் ஒரு வீடும்.

பங்கிட்ட முறையைப் பாருங்கள். பல்கலைக்கழகத்துக்கு ரயில்வேயின் 15,000 சாதாரணப் பங்கும் 'கிளிஃப்டன்' என்ற கோடைக்கால மாளிகையும் தோட்டமும், சுமார் 330 ஏக்கர். மருத்துவமனைக்குப் பெரும்பாலும் கிடங்குகள், கட்டடங்கள், வங்கிப் பங்குகள். தொகை சமம்தான், ஆனால் சரக்கு வேறு. இந்த வேறுபாடுதான் பின்னால் பெரிய விஷயமாகிறது.

#10 மண்டிக்கணக்கு
அதை நான் சொல்லிவிடுகிறேன், சாசனம் சார் கோபிக்க வேண்டாம். ரயில்வே பங்குகளை விற்காமல் முதலீடாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று உயிலில் பரிந்துரை எழுதிவிட்டார். முகமதிப்பு 100 டாலர். 15,000 பங்கு என்றால் 15 லட்சம். நல்ல காலத்தில் 10 சதவீத ஈவு, அதாவது வருஷத்துக்கு 1,50,000. பேராசிரியர் சம்பளமே அதில்தான் ஓடியது. 1876ல் பல்கலைக்கழகம் தொடங்கும்போது உலகத்திலேயே பாதுகாப்பான பங்கு மாதிரி இருந்தது.

அப்புறம் போட்டி ரயில்வேகளோடு கட்டணச் சண்டை, புதிய பாதைக்காக வாங்கிய கடன். ஈவு படிப்படியாக இறங்கி 1888ல் அடியோடு நின்றது. பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் கில்மன் ஊர்ப் பெரிய மனிதர்களிடம் அவசர நிதி திரட்ட வேண்டியிருந்தது. ஒரே கம்பெனியில் முட்டையெல்லாம் வைத்தால் நடக்கிற கதைதான். ஆனால் ஹாப்கின்ஸைக் குறை சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது. 1870ல் ஒருவர் விற்றுவிட்டு எதில் போடுவார்? அந்தப் பங்கு அவருக்கு வெறும் முதலீடு இல்லை, இருபது வருஷம் உள்ளே உட்கார்ந்து பார்த்த கம்பெனி. எனக்கு உறுத்துவது வேறு. தான் உயிரோடு இருந்து நிதிக்குழுவில் கண்காணித்தவரைக்கும் பாதுகாப்பாக இருந்த ஒன்றை, தான் இல்லாத காலத்துக்கும் அதே பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டார்.

மருத்துவமனை தப்பியது வாடகையால். கிடங்கு வாடகை ரயில்வேயோடு சேர்ந்து விழவில்லை.

#11 சாசனம்_வாசி
கோபம் எதற்கு, நான் எழுதியிருந்தால் இன்னும் நீண்டிருக்கும். ஒரு சேர்க்கை: முதலைத் தொடாதே, வருமானத்தில் கட்டு. இந்த விதியை அறங்காவலர்கள் கறாராகப் பிடித்தார்கள். அதனால்தான் பல்கலைக்கழகம் கிளிஃப்டனுக்குப் போகவே இல்லை, ஹோவர்ட் தெருவில் பழைய வீடுகளை வாங்கித் தட்டிக்கொட்டி ஆரம்பித்தது. கட்டடத்துக்குப் போக வேண்டிய பணம் ஆட்களுக்குப் போனது. கிளிஃப்டனை 1895ல் நகராட்சி பூங்காவாக எடுத்துக்கொண்டது.

மருத்துவமனையும் அதே விதியில் 1877ல் வேலை தொடங்கி 1889 மேயில்தான் திறந்தது. பன்னிரண்டு வருஷம், 20 லட்சம் டாலருக்கு மேல், அத்தனையும் வருமானத்திலிருந்து. இடம் ஹாப்கின்ஸே வாங்கிக் கொடுத்த 13 ஏக்கர், பழைய மனநல மருத்துவமனை இருந்த மேடு. திட்டம் போட்டது ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ். ஐந்து பேரிடம் திட்டம் கேட்டு, இவருடையதை எடுத்தார்கள். வார்டுகள் தனித்தனிக் கட்டடம். கீழ்த்தளத்தில் வெந்நீர்க் குழாய்ச் சுருள்கள். வெளிக்காற்று அவற்றின் மேல் பட்டுச் சூடாகி வார்டுக்கு ஏறும், கெட்ட காற்று குழல் வழியாகப் புகைபோக்கிக்கு இழுக்கப்படும். எண்கோண வார்டில் அந்தப் புகைபோக்கி நட்டநடுவே நிற்கும், கட்டில்கள் அதைச் சுற்றி. நோய் கெட்ட காற்றில் பரவுகிறது என்று நம்பிய காலத்தின் வடிவம் அது. கட்டி முடிப்பதற்குள் கிருமிக் கொள்கை வந்துவிட்டது.

#12 மேலமாசி
1873 மார்ச் 10 தேதியிட்ட கடிதத்தை யாரும் சொல்லவில்லையே. உயிலைவிட எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மருத்துவமனை அறங்காவலர்களுக்கு எழுதியது. ஏழை நோயாளிகளை ஆண் பெண், வயது, நிறம் பார்க்காமல் இலவசமாகச் சேர்க்க வேண்டும், செவிலியர் பயிற்சிப் பள்ளி வேண்டும், கறுப்பினக் குழந்தைகளுக்கு 300 முதல் 400 பேர் தங்கும் அநாதை இல்லம் வேண்டும், அதற்கு வருஷம் 20,000 டாலர். அடிமைமுறை ஒழிந்து எட்டே வருஷம் ஆன மாநிலத்தில் எழுதியது.

நடந்தது என்ன? இல்லம் 1875ல், பல்கலைக்கழகத்துக்கும் முன்பாகவே, திறந்தது. ஆனால் சொன்ன எண்ணிக்கையை எட்டவே இல்லை. போகப் போக வீட்டுவேலை பழக்கும் இடமாகச் சுருங்கி 1924ல் மூடப்பட்டது. மருத்துவமனை கறுப்பினத்தவரைச் சேர்த்தது, ஆனால் தனி வார்டில். உயிலும் கடிதமும் கேட்டதில் வெள்ளையருக்கானது வளர்ந்தது, மற்றது தேய்ந்தது. இதற்குச் செத்தவரைக் குற்றம் சொல்ல முடியாது.

#13 ஆடுதுறையான்
அப்படியானால் 2020 டிசம்பரில் 'ஹாப்கின்ஸே அடிமை வைத்திருந்தார்' என்று பல்கலைக்கழகமே அறிவித்ததே? அதுவரை அவரை அடிமை ஒழிப்பாளர் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

#14 வேர்தேடி
இதை நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய கதை இது: 1807ல் அப்பா சாமுவேல் குவேக்கர் கொள்கைப்படி அடிமைகளை விடுவித்தார், வேலைக்கு ஆள் இல்லாததால் பையன்கள் படிப்பை விட்டு வயலில் இறங்கினார்கள். இது 1929ல் குடும்பத்துப் பெண் ஒருவர் எழுதிய நூலின் வழியாகப் பரவியது. ஹாப்கின்ஸ் இறந்து 56 வருஷம் கழித்து எழுதியது. 1807ல் விடுவித்ததற்கான பத்திரம் கிடைக்கவில்லை. கிடைத்தது 1778 பத்திரம், அது தாத்தா ஜான்ஸுடையது. அந்தச் சமயத்தில் குவேக்கர் சபை அடிமை வைத்திருப்போரை நீக்கத் தொடங்கியிருந்தது.

பிறகு மக்கள்தொகைக் கணக்கு. 1840ல் இவர் வீட்டில் ஒருவர், 1850ல் நான்கு ஆண்கள் அடிமைகளாகப் பதிவு. இதுதான் 2020 அறிவிப்பின் அடிப்படை.

இந்தப் பதிவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: 1840ல் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வயதுக் கட்டங்களில் வெறும் எண்ணிக்கை. 1850ல் இரண்டு படிவம். முதல் படிவத்தில் சுதந்திர மக்கள் ஒவ்வொருவரும் பெயரோடு. இரண்டாவது, அடிமைப் படிவம். அதில் முதல் பத்தியில் உடைமையாளர் பெயர், அடுத்து வரிசை எண், வயது, பால், நிறம், தப்பியோடியவரா, விடுவிக்கப்பட்டவரா. அடிமையின் பெயருக்குப் பத்தியே கிடையாது. முதல் படிவத்தை மட்டும் பார்த்துவிட்டு 'அடிமை யாரும் இல்லை' என்று எழுதியவர்கள் உண்டு.

#15 சாசனம்_வாசி
ஆனால் அந்த முதல் பத்திதான் சிக்கல். 1850 கணக்கெடுப்பாளர்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தலிலேயே இருக்கிறது: அடிமை யாருடைய வீட்டில் அல்லது தோட்டத்தில் வேலை செய்கிறாரோ அவரையே உடைமையாளராகக் கொள்க, நோக்கம் அடிமைகளின் எண்ணிக்கையே தவிர எஜமானர்களின் எண்ணிக்கை அல்ல. பால்டிமோரில் அடிமைகளைக் கூலிக்கு விடுவது சர்வ சாதாரணம். கூலி முதலாளிக்குப் போகும். ஆகவே அந்த வரியை மட்டும் வைத்து 'சொந்தமாக வைத்திருந்தார்' என்று அடித்துச் சொல்ல முடியாது. வரிப் பதிவு, விற்பனைப் பத்திரம், விடுவிப்புப் பத்திரம் மூன்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும். இதை வைத்துத்தான் வேறு ஆய்வாளர்கள் பல்கலைக்கழக அறிவிப்பை மறுத்தார்கள்.

#16 மேலமாசி
கூலிக்கு எடுத்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூலி அந்த ஆள் கைக்குப் போகவில்லை, எஜமானுக்குப் போனது. அடிமைமுறையிலிருந்து உழைப்பு வாங்கினார் என்பது இரண்டு விளக்கத்திலும் மாறவில்லை. மாறுவது பத்திரத்தில் யார் பெயர் என்பதுதான்.

#17 சாசனம்_வாசி
ஒப்புக்கொள்கிறேன். 'அடிமை ஒழிப்பாளர்' பட்டத்தை எந்தப் பதிவும் தாங்கவில்லை. நான் சொல்வது 'உடைமையாளர்' என்ற சொல்லுக்கு மட்டும்.

#18 வேர்தேடி
குடும்ப மரம் வரைகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஒன்று, ஜான்ஸ், ஜெரார்ட், சாமுவேல் என்று அதே மூன்று நாலு பெயர் தலைமுறை தலைமுறையாகச் சுற்றும். பெற்றோர் பெயரும் எந்த மாதக் கூட்டத்தை (குவேக்கர்களின் உள்ளூர்ச் சபையை) சேர்ந்தவர் என்பதும் பொருந்தாமல் யாரையும் ஒட்டாதீர்கள். 1778 பத்திரத்தில் தாத்தா பெயரைப் பார்த்து அதைப் பேரன் தலையில் கட்டியவர்கள் இருக்கிறார்கள், பேரன் பிறக்க இன்னும் 17 வருஷம்.

இரண்டு, தேதி. குவேக்கர்கள் மாதப் பெயர் எழுத மாட்டார்கள், எண் மட்டும்தான். 1795ல் 'ஐந்தாம் மாதம் 19' என்றால் மே 19, சரி. ஆனால் 1752க்கு முன் ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, மார்ச்தான் முதல் மாதம். அதனால் மார்கரெட் ஜான்ஸ் காலத்துப் பதிவில் 'ஐந்தாம் மாதம்' என்றால் ஜூலை. இணையத்தில் சுற்றும் மரங்களில் பாதியில் இந்த இரண்டு மாதத் தவறு இருக்கிறது.

#19 ஆடுதுறையான்
நன்றி, நிறையவே கிடைத்தது. கடைசியாக ஒன்று. மருத்துவக் கல்லூரியும் இந்த 70 லட்சத்தில்தானே?

#20 மண்டிக்கணக்கு
திட்டத்தில் இருந்தது, பணத்தில் இல்லை. ஈவு நின்றபோது கல்லூரிக்குக் காசு இல்லாமல் போயிற்று. மருத்துவமனை 1889ல் திறந்துவிட்டது, கல்லூரி 1893 வரை இழுத்தது. 5 லட்சம் தேவை என்று அறங்காவலர்கள் சொன்னார்கள். ரயில்வே தலைவர் கேரட்டின் மகள் மேரி கேரட்டும் தோழிகளும் நாடு முழுக்கப் பெண்களிடம் திரட்டினார்கள். போதாத 3 லட்சத்துச் சொச்சத்தை 1892 இறுதியில் மேரியே போட்டார். நிபந்தனையோடு: பெண்களை ஆண்களுக்குச் சமமாகச் சேர்க்க வேண்டும், பட்டப்படிப்பு முடித்தவர்களை மட்டும் எடுக்க வேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்க வேண்டும். முதல் வகுப்பில் 18 பேர், அதில் பெண்கள் 3.

#21 மேலமாசி
அந்த மேரியின் பணமும் அப்பா விட்டுச்சென்ற சொத்து. அதாவது அதே ரயில்வேயில் சேர்ந்த காசு.